ஆவடியின் கவசம், திருச்சியின் அம்பு

திருச்சானூரிலிருந்து சென்னைக்குப் போகிற எங்களுக்கு ஆவடி வந்துவிட்டால் பையை இறக்க ஆரம்பிக்கலாம் என்பது கணக்கு. சென்ற முறை அப்படிப் பையைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தங்கை மகன் என் தோளைத் தட்டினான். பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற தட்டை வேகன்களில் தார்ப்பாய் போர்த்திய பெரிய உருவங்கள். தார்ப்பாயை மீறிப் பீரங்கிக் குழல் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

“மாமா, டேங்க்! அந்த இரும்பு எவ்ளோ தடிமன் இருக்கும்?”

நான் வாய் திறப்பதற்குள் அவனே கைபேசியை நீட்டினான். உக்ரைன் போர்க் காட்சி. ஒரு டாங்கியின் மேல் எங்கிருந்தோ எதுவோ வந்து விழுகிறது. ஓரிரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு நெருப்புத் தூண் ஒன்று எழ, அந்தக் கனத்த தலைப்பகுதி குக்கர் மூடி போல வானத்தில் எழும்பிப் போகிறது. “இவ்ளோ இரும்பு போட்டும் இப்படிப் பறக்குதே, அப்புறம் எதுக்கு மாமா அது?”

பெரம்பூர் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. ஆனால் இதைச் சொல்ல அந்த இடத்தைவிடப் பொருத்தமான இடமும் இல்லை. ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். அதே தமிழ்நாட்டில், திருச்சியில், டாங்கியைத் துளைக்கும் அம்பைச் செய்கிறார்கள். டாங்கியின் கவசத்தை வடிவமைத்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் மாதிரிதான், ஹைதராபாத்தில் இருக்கிறார்கள்.

முதலில் அந்த ‘எவ்ளோ தடிமன்’ கேள்வி. எல்லோரும் கேட்பது அதுதான், ஆனால் அதற்குப் பதில் தெரிந்தும் பெரிய பயனில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய நல்ல டாங்கிக் குண்டு ஒன்று சுமார் 60 சென்டிமீட்டர் கெட்டி எஃகைத் துளைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுற்றிலும் 60 சென்டிமீட்டர் எஃகு போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா? எஃகு ஒரு கன மீட்டர் 7.85 டன். 60 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் மட்டும் 4.7 டன் வரும். ஒரு டாங்கியின் மேல், கீழ், முன், பின், பக்கம் எல்லாம் சேர்ந்தால் மேற்பரப்பு ஏறக்குறைய நூறு சதுர மீட்டர். மொத்தம் 470 டன். எங்கள் ரயிலை இழுக்கிற வகை மின்சார எஞ்சின் ஒன்றின் எடை 123 டன். அப்படி நான்கு எஞ்சின்களை ஒன்றாகக் கட்டி வயலில் ஓட்டுவது போல ஆகிவிடும். எந்தப் பாலமும் தாங்காது, எந்த வயலும் தாங்காது.

அதனால் டாங்கிக்காரர்கள் செய்வது கஞ்சத்தனம். இருக்கிற எடையில் பெரும்பங்கை நெற்றியில் கொட்டுகிறார்கள். எதிரியை நோக்கி நிற்கும் முன்பக்கம்தான் உண்மையான கவசம். பக்கவாட்டில் அதில் சிறு பங்குதான் இருக்கும், பின்பக்கம் இன்னும் குறைவு. கூரையிலும் அடித்தளத்திலும் சில சென்டிமீட்டர்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. ஆகவே ‘அந்த டாங்கியின் கவசம் இத்தனை மில்லிமீட்டர்’ என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த தந்திரம் சாய்வு. சமையலறையில் வாழைக்காயை நேராக வெட்டினால் வட்டத் துண்டு. கத்தியைச் சாய்த்து வெட்டினால் நீள வட்டத் துண்டு. காய் அதேதான், கத்தி கடந்த தூரம் கூடிவிட்டது. தகட்டை நிமிர்ந்த நிலையிலிருந்து 60 பாகை சாய்த்துவிட்டால், நேராக வரும் குண்டு கடக்க வேண்டிய தடிமன் இரண்டு மடங்காகும். டாங்கியின் முன்தகடு அப்படிப் பின்னோக்கிச் சாய்ந்து படுத்திருப்பதற்கு அதுதான் காரணம், அழகுக்காக இல்லை.

இனி அம்புக்கு வருவோம்.

திருச்சியில் ‘ஹாப்’ என்று ஊரார் சுருக்கமாகச் சொல்லும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. முழுப்பெயர் ஹெவி அலாய் பெனட்ரேட்டர் புராஜெக்ட். 2021 அக்டோபரில் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது அது முனிஷன்ஸ் இந்தியா கம்பெனியின் கீழ் போனது. அங்கே செய்வது டங்ஸ்டன் கலவைக் கம்பிகள். டங்ஸ்டன் 3,400 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும். இரும்பு மாதிரி உருக்கி வார்ப்பது நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கிற முறையில் செய்கிறார்கள். டங்ஸ்டன் தூளோடு நிக்கல், இரும்பு போன்றவற்றின் தூளைக் கலந்து, அழுத்திக் கம்பியாக்கி, உலையில் வைப்பார்கள். நிக்கலும் இரும்பும் வெல்லப்பாகு போல உருகி டங்ஸ்டன் துகள்களைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பொரிவிளங்காயைக் கடித்துப் பல் போனவர்களுக்கு இந்தக் கட்டுமானத்தின் வலிமை தெரியும்.

ஏன் டங்ஸ்டன்? கனம். எஃகைப் போல இரண்டே கால் மடங்கு கனம். சுத்த டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்தியேதான், 19.3. நகைக்கடைக்காரர்கள் தங்கக் கட்டி வாங்கும்போது உள்ளே டங்ஸ்டன் வைத்து ஏமாற்றியிருப்பார்களோ என்று பயப்படுவது இதனால்தான். தராசுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்தக் கம்பி கட்டைவிரலைவிடச் சற்றே பருமன், நீளம் முழங்கை அளவுக்கும் மேல், வாலில் சிறு இறகுகள். பார்க்க அம்புதான். ஆனால் 120 மில்லிமீட்டர் வாயுள்ள குழலுக்குள் இந்த ஒல்லிக் கம்பியை எப்படிச் சுடுவது? சுற்றிலும் லேசான உலோகத்தால் மூன்று நான்கு துண்டாக ஒரு உறை மாட்டுவார்கள். வெடிமருந்தின் தள்ளலை உறை வாங்கிக்கொள்ளும். குழலை விட்டு வெளியே வந்ததும் காற்று பட்டு உறை பிய்ந்து விழ, அம்பு மட்டும் போகும். அந்த உறைக்கு ‘சாபோ’ என்று பிரெஞ்சுப் பெயர், மரச்செருப்பு என்று பொருள். நம் பாட்டிமார் சொன்ன ‘சப்பாத்து’க்குத் தூரத்துச் சொந்தம் என்கிறார்கள்.

வேகம் நொடிக்கு 1.6 கிலோமீட்டர் அளவில். திருச்சானூரில் கிளம்பினால் திருப்பதி போய்ச் சேர மூன்று நொடி சொச்சம். கம்பியின் எடையை நாலரைக் கிலோ என்று கொண்டால், அது சுமந்து வரும் ஆற்றல் 12 டன் எடையுள்ள பஸ் ஒன்று மணிக்கு ஏறக்குறைய 112 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். ஆனால் பஸ் முழு அகலத்தில் மோதும். இது ஒரு ரூபாய்க் காசின் அளவில் மோதுகிறது.

அந்த அளவு அழுத்தத்தில் எஃகு எஃகாக நடந்துகொள்வதில்லை. மோதும் புள்ளியில் அதன் உறுதிக்குப் பொருளே இல்லாமல் போய், பிசைந்த களிமண் போலப் பக்கவாட்டில் வழிந்து விலகுகிறது. அம்பும் சும்மா இருப்பதில்லை. முனை தேய்ந்து பின்னோக்கி மடிந்து கரைந்துகொண்டே உள்ளே போகிறது. பென்சிலைச் சீவச் சீவக் குறைவது போல. கம்பி முழுவதும் தீரும்வரை துளை ஆழமாகும். ஆகவே அம்பு எவ்வளவு நீளமோ, இந்த வேகத்தில், ஏறக்குறைய அவ்வளவு எஃகைத் தின்னும். நாற்பது ஐம்பது வருடங்களாக உலகம் முழுக்க அம்புகள் நீண்டுகொண்டே போவது இதனால்தான். கவசம் தடித்தால் அம்பு நீளும். துளைத்து உள்ளே வருவதும் முழுக் கம்பி இல்லை. மிச்சத் துண்டும் பழுக்கக் காய்ந்த எஃகுத் துணுக்குகளும்தான். அடைத்த பெட்டிக்குள் அது போதும்.

அடுத்த ஆயுதம் இதற்கு நேர் எதிர். அதற்கு வேகமே தேவையில்லை. தோளில் வைத்துச் சுடலாம், ஜீப்பிலிருந்து சுடலாம், இப்போது சிறிய ட்ரோனில் கட்டிக்கூடப் போடலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் ஸ்வர்ணமுகியை, தமிழில் பொன்முகலி என்பார்களே, அதைக் கோடையில் பார்த்தால் வெறும் மணல். அந்த மணலில் மோட்டார் பம்பின் குழாயை விரலால் நெருக்கிப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சியிருக்கிறீர்களா? தண்ணீர் மணலைக் குத்துவதில்லை, ஒதுக்குகிறது. கண் முன்னே சாண் ஆழத்துக்குக் குழி விழும். அதையே செம்பால் செய்கிறார்கள். வெடிமருந்தின் முன்பக்கத்தில் புனல் போலக் குழி செய்து, அந்தப் புனலுக்கு மெல்லிய செப்புத் தகட்டால் உள்ளுறை போடுவார்கள். பின்னாலிருந்து வெடித்ததும் அந்தச் செப்புப் புனல் உள்நோக்கி நசுங்கி, நடுவில் ஒரு மெல்லிய தாரையாகப் பீறிட்டு வருகிறது. தாரையின் முனை நொடிக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டர் வேகம். அம்பைவிட ஐந்தாறு மடங்கு. வெடிகுண்டு மெதுவாகப் பறந்து வந்தாலும் இந்த வேகம் குறையாது, ஏனென்றால் வேகம் பிறப்பது கவசத்தின் வாசலில்.

செய்தித்தாள்களில் ‘கவசத்தை உருக்கித் துளைக்கும் குண்டு’ என்று எழுதுகிறார்கள். உருக்குவதில்லை. செம்பே பெரும்பாலும் உருகாத திடப்பொருள்தான். அழுத்தம் தாங்காமல் திரவம் போல ஓடுகிறது, அவ்வளவுதான். வேலை செய்வது சூடு இல்லை, வேகம். இது சொல் விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் சூடுதான் காரணம் என்று நினைத்துவிட்டால், கவசத்தின் எதிர்வித்தைகள் எதுவும் புரியாது.

இந்தச் செப்புத் தாரை என்ன செய்யும் என்பதற்கு 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்தில் நடந்ததைச் சொல்லாமல் முடியாது. கேம்கரண் பக்கமாகப் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் வந்தன. அமெரிக்கச் சரக்கு, அந்தக் காலத்துக்கு மிகப் புதியது. எதிரே நின்ற நான்காவது மலைப்படைப் பிரிவு குதிரை லாட வடிவில் நிலை எடுத்துக்கொண்டு, வாய்க்காலை உடைத்து வயலுக்குத் தண்ணீர் விட்டது. ஆளுயரக் கரும்பு. டாங்கி சேற்றில் தத்தளிக்கும். கரும்புக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாது. அந்தக் கரும்புக்குள் இருந்தவர்களில் ஒருவர் நான்காவது கிரனேடியர்ஸ் படையின் அப்துல் ஹமீது. அவரிடம் இருந்தது ஒரு ஜீப்பும் அதன் மேல் 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பில்லாத பீரங்கியும்.

பேட்டனின் முன்தகடு 110 மில்லிமீட்டர். சாய்வைச் சேர்த்துக் கணக்கிட்டால் 220 வரை வரும். 106 மில்லிமீட்டர் பீரங்கியின் செப்புத் தாரைக் குண்டு துளைக்கக்கூடியது ஏறக்குறைய 400 மில்லிமீட்டர். தாளில் பார்த்தால் நெற்றியில் அடித்தாலே போதும். ஆனால் ஜீப்புக்குக் கவசம் என்று ஒரு தகரம்கூட இல்லை. அந்தப் பீரங்கி சுடும்போது பின்பக்கம் நெருப்பும் புழுதியும் கிளம்பி, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முறை சுட்டால் உடனே இடம் மாற வேண்டும். டாங்கி நெருங்கும்வரை கரும்புக்குள் மூச்சடக்கிக் காத்திருந்து, சுட்டு, நகர்ந்து, மறுபடியும் சுட்டு அவர் பல பேட்டன்களை வீழ்த்தினார். கடைசியில் ஒரு டாங்கியும் அவரும் ஒருவரையொருவர் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா. அந்தப் போரில் நம் தரப்பிலும் செஞ்சுரியன், ஷெர்மன், ஏஎம்எக்ஸ் டாங்கிகள் நன்றாகவே சண்டையிட்டன. பிடிபட்ட, அழிந்த பேட்டன்களைக் குவித்து வைத்த இடத்துக்குப் பேட்டன் நகர் என்றே பெயர் வந்தது. ஆவடியின் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும் அதே 1965இல்தான். அதற்கு இந்தப் போர் வாய்க்கவில்லை, 1971 போருக்குத்தான் போனது.

(ஆவடி என்பதே ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டெப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் சுருக்கம் என்று ரயிலில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். டாங்கித் தொழிற்சாலை வருவதற்கு முன், 1955இல் காங்கிரஸ் மாநாடு நடந்தபோதே அது ஆவடிதான்.)

மூன்றாவது வகைக் குண்டு ஒன்று உண்டு. அதை விளக்க எருமுட்டை போதும். சாணத்தை உருட்டிச் சுவரில் அறைந்தால் வரட்டியாகப் பரந்து ஒட்டிக்கொள்கிறது அல்லவா, அப்படியே மென்மையான வெடிமருந்தைக் கவசத்தின் மேல் அப்பிப் பிறகு வெடிக்கச் செய்வது. துளை விழாது. அதிர்ச்சி அலை தகட்டின் வழியே ஓடி உள்பக்கம் போய், அங்கே ஒரு பெரிய செதிலைப் பெயர்த்து உள்ளே இருப்பவர்கள் மேல் வீசும். கேரம் போர்டில் வரிசையாக ஒட்டி நிற்கும் காய்களை ஒரு முனையில் அடித்தால் மறுமுனைக் காய் மட்டும் தெறிக்குமே, அந்தக் கதை. விஜயந்தாவும் பின்னால் வந்த அர்ஜுனும் இந்தக் குண்டைச் சுடும். கட்டடங்களுக்கும் பழைய டாங்கிகளுக்கும் இன்றும் உதவும். ஆனால் தகடு ஒரே கட்டியாக இல்லாமல் அடுக்கடுக்காக இருந்தால் அலை நடுவிலேயே அறுந்துபோகும். புது டாங்கியின் நெற்றியில் இதற்கு வேலை இல்லை.

அடுக்குகள் என்றதும் ஹைதராபாத் வந்துவிடுகிறது. அங்கே காஞ்சன்பாக் என்ற பகுதியில் பாதுகாப்புத் துறையின் உலோகவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அர்ஜுன் டாங்கிக்காக அவர்கள் உருவாக்கிய கூட்டுக் கவசத்துக்குக் ‘காஞ்சன்’ என்று பெயர், ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. காஞ்சனம் என்றால் பொன். எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. திருமலையில் ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்தின்போது உற்சவ மூர்த்திகளுக்கு முதல் நாள் வைரக் கவசம், இரண்டாம் நாள் முத்துக் கவசம், மூன்றாம் நாள் பொற்கவசம் சாத்துவார்கள். பொற்கவசம் அடுத்த ஜேஷ்டாபிஷேகம்வரை இருக்கும். வருடம் முழுக்க நடக்கும் அபிஷேகத்தில் திருமேனி தேயாமல் காக்கத்தான் அது. எங்கள் ஊர்ப் பையனுக்குக் கவசம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். டாங்கியின் கவசத்துக்கும் பொன்னின் பெயரே அமைந்துவிட்டது.

காஞ்சனின் உள்ளடக்கம் ரகசியம். ஆனால் இந்த வகைக் கவசம் எப்படி வேலை செய்கிறது என்பது ரகசியமில்லை. இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே எஃகு அல்லாத பொருட்களை அடுக்குவது. அதில் முக்கியமானது பீங்கான் வகை. உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிப் பீங்கான் இல்லை. அலுமினா போன்ற, எஃகைவிடப் பல மடங்கு கடினமான பொருள். அம்பின் முனை அதன் மேல் பட்டதும் சற்று நேரம் உள்ளே நுழைய வழி தெரியாமல் மேற்பரப்பிலேயே நசுங்கித் தேய்கிறது. நொடியில் லட்சத்தில் சில பங்குதான் அந்த ‘சற்று நேரம்’. ஆனாலும் அதற்குள் அம்பின் நீளத்தில் கணிசமான பங்கு வீணாகிவிடும். செப்புத் தாரைக்கோ இன்னும் கெட்ட காலம். அது நூல் போல நேராக இருந்தால்தான் பலம். பீங்கான் நொறுங்கிய துகள்கள் துளைக்குள் பீறிட்டுத் திரும்பி அந்த நூலை அறுத்துவிடும். சிலர் தகடுகளுக்கு நடுவே ரப்பரையும் வைப்பார்கள். தாரை நுழைந்ததும் ரப்பர் வீங்கித் தகடுகளைத் தள்ள, புதுப்புது இரும்பு தாரையின் குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பீங்கான் ஒரு அடி தாங்கும், அதே இடத்தில் மறு அடி விழுந்தால் சந்தேகம். கழற்றி மாற்றும் கட்டங்களாகச் செய்வது அதனால்தான். தடிமனும் அதிகம், எஃகைவிட எடை குறைவே தவிர இடத்தை அடைக்கும். அர்ஜுனின் தலை அவ்வளவு பெரிதாக, செவ்வகப் பெட்டி போல இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

டி-72, டி-90 டாங்கிகளின் படங்களில் உடம்பெல்லாம் செங்கல் அடுக்கியது போல் தெரியுமே, அது இன்னொரு வித்தை. ஒவ்வொரு செங்கலுக்குள்ளும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் வெடிமருந்து. 1982 லெபனான் போரில் இஸ்ரேல் இதைக் களத்துக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கிக் குண்டு பட்டால் வெடிக்காது, நெருப்புக்கும் அசையாது. செப்புத் தாரை பட்டால் மட்டும் வெடித்து, தகடுகளை எதிரெதிர்த் திசையில் வீசும். வெடியே தாரையை ஊதித் தள்ளிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெடி வெறும் தள்ளுகோல்தான். சாய்வாக ஓடும் தகடு தாரையின் பக்கவாட்டில் அரம் போல ராவி அதைக் கந்தலாக்குகிறது. நேர்க்குத்தாகப் பட்டால் பயன் குறைவு, சாய்வு இருந்தால்தான் முழுப் பலன்.

இதற்கு மறுவினை, ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு வெடித்தலை. முன்னால் ஒரு சிறிய தலை போய்ச் செங்கலைச் செலவழித்துவிடும். பின்னாலேயே வரும் பெரிய தலைக்கு வெற்றுக் கவசம் கிடைக்கும். ஹைதராபாத்தில் உருவான நம் நாக் ஏவுகணை அப்படிப்பட்டது. 2020 அக்டோபரில் பொக்ரானில் அதன் இறுதிக்கட்டச் சோதனை முடிந்தது. காஞ்சனும் ஹைதராபாத், அதை மீறப் பார்க்கும் நாக்கும் ஹைதராபாத். நாக்குக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: நெற்றிக்கு நேராகப் போகாமல், உயரே ஏறி மேலிருந்து கூரையில் இறங்குவது.

இப்போது பையனின் வீடியோவுக்கு வரலாம். அதில் டாங்கியின் மேல் விழுந்தது கூரையில்தான் விழுந்தது. முன்பக்கத்தில் மொத்தச் சொத்தையும் கொட்டி, கூரையைச் சில சென்டிமீட்டரில் விட்டுவைத்த பழைய கணக்கு, எதிரி தரையிலிருந்து சுடுவான் என்ற நம்பிக்கையில் போட்டது. மலிவான ட்ரோனில், தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜியின் தலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கூரைக்கு மேல் வந்து நிற்பவனை அந்தக் கணக்கு எதிர்பார்க்கவில்லை. ரஷ்யர்கள் டாங்கிக்கு மேல் கம்பிக் கூண்டு கட்டியதைப் பார்த்து முதலில் உலகமே சிரித்தது. பிறகு மற்றவர்களும் கட்டத் தொடங்கினார்கள்.

தலை பறந்ததற்குக் காரணம் கவசமே இல்லை. டி-72இல் குண்டு நிரப்ப ஆள் கிடையாது, இயந்திரம்தான். தலைப்பகுதிக்கு நேர் கீழே, தரையில், 22 குண்டுகளும் அவற்றின் மருந்தும் ராட்டினம் போல வட்டமாக அடுக்கியிருக்கும். ஆட்கள் மூவர் போதும், டாங்கி குட்டையாக இருக்கும், எடை மிச்சம். ஆனால் உள்ளே வந்த ஒரு சூடான துணுக்கு அந்த மருந்தைத் தொட்டுவிட்டால், அத்தனையும் ஒன்றாகப் பற்றி, அழுத்தம் போக வழியில்லாமல் தலையைத் தூக்கி எறியும். மூவருக்கும் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இது அடுத்த வீட்டுச் சமாசாரம் இல்லை. நம் ராணுவத்தின் டாங்கிகளில் பெரும்பாலானவை டி-72 அஜேயாவும் டி-90 பீஷ்மாவும்தான், இரண்டுக்கும் இதே ராட்டினம்தான், இரண்டையும் ஆவடியில் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்க ஆப்ராம்ஸில் குண்டுகளைத் தலையின் பின்பக்கம் தனி அறையில், இரும்புக் கதவுக்கு அப்பால் வைக்கிறார்கள். அந்த அறையின் கூரை வேண்டுமென்றே பலவீனமாக இருக்கும். தீப்பிடித்தால் கூரை பிய்த்துக்கொண்டு நெருப்பு மேலே போகும், ஆட்கள் தப்பலாம். அர்ஜுனிலும் குண்டுகளைத் தனித்தனி மூடியுள்ள பெட்டிகளில் வைக்கிறார்கள். நிரப்புவதற்கு நான்காவது ஆளாக ஒருவர் இருக்கிறார். என்னைக் கேட்டால் ஒரு டாங்கியின் கவசத்தை அளக்க நல்ல அளவுகோல் இதுதான்: துளை விழுந்த பிறகு எத்தனை பேர் இறங்கி நடந்து வருகிறார்கள்? துளையே விழாத டாங்கியை இதுவரை யாரும் செய்ததில்லை.

இதற்கெல்லாம் விலை எடைதான். முதல் அர்ஜுன் 58.5 டன். கூடுதல் கவசமும் கருவிகளும் ஏற்றிய மார்க் 1ஏ 68 டன். 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் அதை ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு ரூ.7,523 கோடியில் ஆவடிக்கு ஆர்டர் வந்தது. 46.5 டன் டி-90 ஏறிப்போகிற எல்லாப் பாலத்திலும் இது ஏறாது என்ற குறையை ராணுவத்தில் பலர் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. லடாக் போன்ற உயரத்தில் இரண்டுமே திணறும் என்பதால்தான் 25 டன்னில் ஜோராவர் என்ற இலகு டாங்கியை ஆவடி ஆய்வுக்கூடமும் எல் அண்ட் டி கம்பெனியும் சேர்ந்து செய்து 2024 ஜூலையில் காட்டினார்கள். 25 டன்னில் எவ்வளவு கவசம் போட முடியும் என்பதை மேலே போட்ட கணக்கை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதன் பிழைப்பு தடிமனில் இல்லை. முதலில் பார்ப்பது, முதலில் சுடுவது, இடம் மாறுவது என்று அப்துல் ஹமீதின் ஜீப் வழியில்தான் இருக்கும்.

சென்னையில் வேலை முடிந்து இரண்டாம் நாள் மாலை ரயிலில் திரும்பினோம். ஆவடியில் வண்டி மெதுவாகப் போனது. அந்த வேகன்கள் அங்கேயே நின்றன, தார்ப்பாய் ஒரு பக்கம் காற்றில் விலகியிருந்தது. பையன் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கடைசி வேகன் மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“மாமா, இதுல குண்டெல்லாம் எங்க வெச்சிருப்பாங்க?”